தடுப்பில்லாத குளியலறை

கப்பலில் அந்த அறைக்குள் நுழைந்ததும் பல்லுக்காரம்மா கட்டிலைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே கிடந்த கடலையும் பார்க்கவில்லை. சக்கர நாற்காலியை நேரே குளியலறைப் பக்கம் உருட்டினாள். கதவு அகலமாகத் திறந்தது. வாசலில் தடுப்பு இல்லை. அறைத் தரையும் குளியலறைத் தரையும் ஒரே மட்டம்; தண்ணீர் வடிவதற்காக மூலைப் பக்கம் மட்டும் லேசாகச் சரிந்திருந்தது. சக்கரம் உள்ளே போனதே தெரியவில்லை. வெளியே வந்தாள். மறுபடி உள்ளே போனாள். மறுபடியும் வெளியே வந்தாள்.

பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்த நாத்தனார் நிமிர்ந்து, "என்ன அண்ணி, உள்ள ஏதாவது விட்டுட்டீங்களா?" என்றாள்.

"இல்லம்மா. சும்மாதான்."

அவளைப் பல்லுக்காரம்மா என்றால்தான் தெருவில் தெரியும். பல் செட் செய்யும் பட்டறையில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, பல் பல்லாக நட்டு, மெருகு போட்டுக் கொடுப்பது வரை அவள் பொறுப்பு. உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால், முதுகுத்தண்டில் வந்த கட்டியை அறுத்தெடுத்து இடுப்புக்குக் கீழே பலம் போன பிறகும் அவள் பிழைப்பு போகவில்லை. நாற்காலிதான் மாறியது. "நீங்கள்லாம் வந்து நாற்காலி தேடுறீங்க, நான் கையோட கொண்டு வந்துடறேன்" என்று முதல் நாளே சொல்லிப் பட்டறையைச் சிரிக்க வைத்தவள். எதிரில் ஒருவர் சிரித்தால் அது சொந்தப் பல்லா, செய்த பல்லா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். வெளியே சொல்ல மாட்டாள்.

அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். மாடிக்கு மாடி கத்திப் பேசியே பழகிய தொண்டை அவருக்கு. வீட்டிலும் அப்படித்தான். அவர் சமையலறையில் இருப்பார், இவள் படுக்கையறையில் இருப்பாள்; நடுவில் ஒரு சுவர் இருக்கும், பேச்சு மட்டும் நிற்காது. பாதி நாள் இருவரும் முகம் பார்க்காமலே குடும்பம் நடத்தினார்கள் என்று நாத்தனார் கேலி செய்வதுண்டு.

கப்பல் பயணம் அவருடைய ஆசை. "நீ ஏற வேண்டாம், இறங்க வேண்டாம். படுத்துத் தூங்கி எழுந்தா வேற ஊரு வந்து நிக்கும். உனக்குன்னே கண்டுபிடிச்சது" என்பார். கப்பல் அலுவலகத்துக்குப் போன் போட்டு அங்கிருந்த பெண்ணைப் படாத பாடு படுத்தினார். அந்தப் பெண், "ரொம்ப வசதியான அறை சார்" என்றால், "வசதி இருக்கட்டும்மா. கதவு எவ்வளவு அகலம்? யாரையாவது டேப் வெச்சு அளக்கச் சொல்லு, நான் லைன்லயே இருக்கேன்" என்பார். அறை கப்பலின் நடுவில் வேண்டும், கீழ்த்தளமாக வேண்டும். "பார்க்குல குழந்தைங்க ஏறி இறங்குமே, அந்தப் பலகை மாதிரிதான் கப்பல். ஓரத்துல உக்காந்தவன்தான் எகிறுவான்." லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் எதிரே கூடாது, ஆள் ஏறி இறங்குகிற சத்தத்தில் தூக்கம் போய்விடும். குளியலறை வாசலில் தடுப்பு இருக்கவே கூடாது. இதை மட்டும் ஒவ்வொரு போனிலும் கேட்டார்.

வீட்டில் அதுதான் தொல்லை. வாடகை வீடு. தண்ணீர் வெளியே வராமலிருக்க, குளியலறை வாசலில் ஒரு சாண் உயரத்துக்குத் தடுப்புக் கட்டியிருந்தார்கள். நாற்காலி அதைத் தாண்டாது. அவர் ஒரு பலகையை இரண்டு பக்கமும் சரிவாக அறுத்து வைத்திருந்தார். காலையில் அதைத் தடுப்பின் மேல் போட்டு, அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் குளிப்பாட்டி, அதே வழியில் வெளியே இழுத்து வருவார். வீட்டுக்காரரிடம் சொல்லித் தடுப்பை இடித்துச் சரிவாகப் பூசிவிட வேண்டும் என்று பேச்சு இருந்தது. கப்பலில் போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

கிளம்ப இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. ஒரு காலையில் அவர் குளியலறைக்குள் அந்தப் பலகையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். பாசி பிடித்து வழுக்குகிறதாம். வழக்கம்போலப் பேச்சு. மருந்துகளைப் பெரிய பெட்டியில் போடக் கூடாது, கப்பலில் பெட்டி அறைக்கு வந்து சேர நேரமாகும், எல்லாம் உன் மடியில் இருக்கிற பையில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், பாதியில் நிறுத்தினார். கனமாக ஏதோ விழுந்தது.

அவள் உருட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. அவருடைய இரண்டு உள்ளங்கால்கள் தெரிந்தன, ஈரமாக, வெளுப்பாக. பலகை அவருக்கு அந்தப் பக்கம் கிடந்தது.

"பதறாதே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "வழுக்கிடுச்சு. தலையில கொஞ்சம் இடி."

"நான் இறங்கி வர்றேன்."

"இறங்காதே. நீயும் விழுந்தா ரெண்டு பேரையும் தூக்க ஆள் தேடணும். அங்கயே இரு. யாருக்காவது போன் பண்ணு."

அவள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள், மேல் வீட்டைக் கூப்பிட்டாள், நாத்தனாரைக் கூப்பிட்டாள். அவர் உள்ளேயிருந்து பேசிக்கொண்டேதான் இருந்தார். ஆனால் குரல் கொழகொழத்துக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில், "பால் வாசனை வருது. அடுப்பை அணைச்சியா?" என்றார்.

"இல்லைங்க."

"போய் அணைச்சுட்டு வா."

அவள் போனாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. அணைத்துவிட்டு வந்து, "அணைச்சுட்டேங்க" என்றாள். பதில் வரவில்லை. மேல் வீட்டுக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தபோது அவள் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் கண் திறக்கவே இல்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். அங்கே நாத்தனார் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "நீங்க வீட்டுலதானே இருந்தீங்க?" அதில் கோபம் இருந்ததா, வெறும் கேள்விதானா என்று பல்லுக்காரம்மாவுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நாத்தனார் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

நாத்தனார் அவருக்குத் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாதவள். சலவைக் கடை வைத்திருப்பவள். எந்த வீட்டுக்குப் போனாலும் திரைச்சீலையை நீவிப் பார்ப்பாள். அண்ணனும் அண்ணியும் அவளுக்கு மடிப்பு மகாராணி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கும் அது தெரியும். அண்ணன் போன பிறகு தினமும் கடை திறக்கும் முன்னால் வந்து, பலகையைப் போட்டு, அண்ணியைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி உட்கார வைத்துவிட்டுப் போனாள். ஒரு நாள் தவறவில்லை. பேச்சுதான் இல்லை. தண்ணீர் சூடு போதுமா என்று கேட்பாள், போதும் என்று இவள் சொல்வாள், அத்தோடு சரி.

பயணத்தை விட்டுவிடலாம் என்று பல்லுக்காரம்மா சொன்னபோது நாத்தனார் துண்டை மடித்துக்கொண்டே, "அண்ணன் அந்தப் பொண்ணை அளக்க வெச்சு வாங்கின அறை. காலியாப் போகக் கூடாது. நான் வர்றேன்" என்றாள். மறுத்துப் பேசப் பல்லுக்காரம்மாவுக்குத் தெம்பில்லை. அதோடு, அந்த வீட்டில் பால் காய்ச்சக்கூட அவளால் முடியாமல் போயிருந்தது.

இப்படித்தான் இருவரும் கப்பலேறினார்கள்.

அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. கப்பலின் முன்பக்க அறைக்காரர்கள் முதல் நாளே தலைசுற்றி எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு நடந்தார்கள். நடுவில் இருந்த இவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாருடைய பெட்டியும் சாயங்காலம்தான் வந்தது. இவள் மருந்து மடியில் இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் வாசலை ஒட்டிய மேசையை அவர் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்ததால் கூட்டத்துக்குள் நுழைய வேண்டியிருக்கவில்லை. எங்கே போனாலும் அவர் அரை மணி முன்னால் வந்து பார்த்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அறையில் ஒரு டி.வி. இருந்தது. தினமும் காலையில் போட்டதும் தங்கியிருப்பவர்கள் பெயரைச் சொல்லி வரவேற்கும். காகிதத்திலெல்லாம் நாத்தனார் பெயரை மாற்றிவிட்டார்கள். அந்தத் திரைக்கு மட்டும் சேதி போகவில்லை. கணவர் பெயரையும் இவள் பெயரையும் சேர்த்துப் போட்டு, இன்றைய நாள் இனிதாகட்டும் என்றது. அறையைச் சுத்தம் செய்கிறவர் ஜன்னலோரக் கட்டிலருகே ஆண்பிள்ளை அளவில் ஒரு ஜோடி துணிச்செருப்பு வைத்துவிட்டுப் போவார். நாத்தனார் அதை எடுத்து அலமாரிக்குள் தள்ளுவாள். மறுநாள் புதிய ஜோடி இருக்கும். "இவங்க விரிப்பு போடுறதே கோணல், செருப்பு மட்டும் நேரா வைக்கத் தெரியுது" என்று முணுமுணுத்தாள். சுத்தம் செய்கிறவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். இருவரும் சொல்லவில்லை.

நாத்தனாருக்கு வண்டி தள்ளத் தெரியாது. இஸ்திரிப் பெட்டியைப் போல உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு ஒரே அழுத்தாக அழுத்துவாள். திருப்பத்தில் சுவரில் இடிக்கும். இடித்த பிறகு சுவரை முறைப்பாள். ஒரு தடவை இனிப்பு மேசைக்கே நேராக விட்டாள். சர்வர் ஒருவர் தட்டோடு ஒதுங்கியதைப் பார்த்துப் பல்லுக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தால் நாத்தனார் முகம் கல்லாக இருந்தது. சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் காலை நாத்தனார் குளித்து முடித்து, மேல்தளத்தில் நடந்துவிட்டு வருகிறேன் என்று போனாள். பல்லுக்காரம்மா தனியாகத் தலை வாரிக்கொண்டிருந்தாள். குளியலறைக்குள் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது எப்படி இருக்குமோ அப்படி, கொஞ்சம் உரக்க, அவசரமில்லாமல்.

"அடுப்பை அணைச்சியா?"

யோசிக்கும் முன் வாய் பதில் சொல்லிவிட்டது. "அணைச்சுட்டேங்க."

சீப்பைப் போட்டுவிட்டு உருட்டினாள். தடுப்பு இல்லாததால் ஒரே தள்ளில் உள்ளே போய்விட்டாள். யாரும் இல்லை. தரை ஈரமாக இருந்தது. நாத்தனார் குளித்த ஈரம் அது. அவ்வளவுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த ஈரத்தின் நடுவில் அசையாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாளும் கேட்டது. அதற்கு அடுத்த நாளும். வேறு எதுவும் சொல்லாது. கேள்வி அது ஒன்றுதான். அவள் பதில் சொல்வாள், உள்ளே போவாள், யாரும் இருக்க மாட்டார்கள். அப்புறம் அவளே அதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள். காலைப் பலகாரத்துக்கு வரவில்லை, பாட்டுக் கச்சேரிக்கு வரவில்லை. ஒரு துறைமுகத்தில் கப்பல் கரையை ஒட்டியே நின்றது, சாய்வுப் பாலம் போட்டிருந்தார்கள், அதற்கும் இறங்கவில்லை. வெளியே போயிருக்கும் நேரத்தில் அவர் கேட்டு, பதில் சொல்ல ஆளில்லாமல் போய்விட்டால் என்ன செய்வது?

நாத்தனார் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பொறுக்கவில்லை.

"கடலைப் பார்க்கக் கூட்டிட்டு வந்தா குளியலறையைப் பார்த்துட்டு உக்காந்திருக்கீங்க. அப்படி என்னதான் இருக்கு அதுக்குள்ள?"

"ஒண்ணும் இல்லை. அதைத்தான் பார்க்கிறேன்."

நாத்தனார் எழுந்து போய்க் குளியலறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அன்று முழுக்க அந்தக் கதவைச் சாத்தியே வைத்தாள்.

அடுத்த ஊரில் கப்பல் கரைக்குப் போகவில்லை. தூரத்தில் நங்கூரம் போட்டுவிட்டார்கள். சிறு படகுகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். கப்பலும் படகும் தனித்தனியாக ஏறி இறங்கும் என்றும், நடுவில் ஓர் எட்டு எடுத்து வைத்துத் தாண்ட வேண்டும் என்றும், சக்கர நாற்காலிக்கு முடியாது என்றும் அதிகாரி ஒருவர் பணிவாக வந்து சொன்னார். இதையும் கணவர் முன்பே விசாரித்து வைத்திருந்தார். "அந்த ஊருக்கு நாம போக முடியாது. பரவாயில்லை. எல்லாரும் இறங்கிப் போனதும் கப்பல் நம்மளோடது. லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டாம். மேல போய் ராஜா ராணி மாதிரி உக்காந்துக்கலாம்" என்று சொல்லியிருந்தார். பல்லுக்காரம்மா அதை நாத்தனாரிடம் சொன்னாள். அந்தப் பயணத்தில் அவரைப் பற்றி அவள் வாயைத் திறந்தது அதுவே முதல் தடவை.

"அப்போ வாங்க போகலாம்" என்றாள் நாத்தனார். தானும் ஊருக்குள் போகவில்லை.

ஆளில்லாத கப்பல் வேறு மாதிரி இருந்தது. நடைபாதைக் கம்பளத்தில் சக்கரம் ஓடும் சத்தம் மட்டும். லிஃப்ட் கூப்பிட்டதும் வந்தது. மேலே, கடலைப் பார்த்த கண்ணாடிக் கதவைச் சாத்தி, தளம் கழுவிக்கொண்டிருப்பதாகப் பலகை வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஓர் இரும்புக் கதவு. நாத்தனார் அதைத் தோளால் தள்ளித் திறந்து கொக்கியில் மாட்டினாள். வாசலில் அலைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க உயரமான இரும்புத் தடுப்பு இருந்தது.

"இருங்க அண்ணி. அந்தப் பக்கம் சாய்வுப் பலகை ஏதாவது வெச்சிருக்காங்களா பார்க்கிறேன்."

தடுப்பைத் தாண்டிக் காலை வைத்தாள். தரையெல்லாம் சோப்புத் தண்ணீர். கப்பல் நங்கூரத்தில் மெல்லத் திரும்பியது. அடுத்த காலை அவள் எங்கே வைத்தாள் என்று பல்லுக்காரம்மா பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

உருட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். நாத்தனாருடைய உள்ளங்கால்கள் தெரிந்தன. ஒன்றில் செருப்பு இல்லை. மற்றது, கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"அண்ணி, இறங்காதீங்க" என்றாள் நாத்தனார். நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "நீங்களும் விழுந்துடுவீங்க. யாரையாவது கூப்பிடுங்க."

பல்லுக்காரம்மா எதையும் யோசிக்கவில்லை. இரண்டு பிரேக்கையும் போட்டாள். கால்மிதியை ஒதுக்கினாள். கைப்பிடியைப் பிடித்து உடம்பை முன்னால் சரித்து, ஒரு தோள் சுவரில் உராய, கீழே இறங்கினாள். இறங்கினாள் என்பதைவிட விழுந்தாள் என்று சொல்ல வேண்டும். ஆனால் அவள் நினைத்த இடத்தில் விழுந்தாள். பல்லுக்கு மெருகு போட்டுப் போட்டு உரமேறிய கைகள். அவற்றை ஊன்றித் தடுப்பின் மேல் உட்கார்ந்தாள். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பைகளை எடுப்பதுபோலக் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அந்தப் பக்கம் போட்டாள். பிறகு சோப்புத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நழுவி நழுவி நாத்தனாரிடம் போய்ச் சேர்ந்தாள். அவள் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வந்துட்டேன்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் கூப்பிட்டாள். அவள் குரலுக்கு அந்த மூலையிலிருந்து தளம் கழுவுகிறவர்கள் வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அவர்கள் வருவதற்குள் அவள் ஒருமுறை திரும்பித் தடுப்பைப் பார்த்தாள். அதன் அந்தப் பக்கம் நாற்காலி காலியாக நின்றது. தடுப்பு வீட்டில் இருந்ததைவிட உயரம்.

கப்பலின் மருத்துவ அறையில் நாத்தனாரின் நெற்றிக்குத் தையல் போட்டு, கணுக்காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். எலும்பில் விரிசல், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அவர் வெளியே போனதும் நாத்தனார் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். பல்லுக்காரம்மாவுக்கு மாற்றுடுப்புக் கொடுத்துக் கட்டிலருகே நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கூந்தலில் இன்னும் சோப்பு வாசனை.

"அண்ணி" என்றாள் நாத்தனார். "இப்போ உங்களால முடிஞ்சுது இல்லை?"

"முடிஞ்சுது."

"அப்போ அன்னிக்கு?"

கேள்வி இவ்வளவு நாளும் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. இப்போது எழுந்து நின்றுவிட்டது. பல்லுக்காரம்மா தன் கைகளைப் பார்த்தாள்.

"அன்னிக்கும் முடிஞ்சிருக்கும். இன்னிக்கு வரைக்கும் எனக்கு அது தெரியாது. அவர் இறங்காதேன்னார். அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு உக்காந்துட்டேன். நீயும்தான் அதையே சொன்னே. உன் பேச்சைக் கேட்கத் தோணலை."

நாத்தனார், அழுகிறாளா என்று தெரியாதபடி கையைக் கண்மேல் போட்டிருந்தாள். பிறகு கையை எடுக்காமலே பேசினாள்.

"ஆஸ்பத்திரியில டாக்டர் என்கிட்ட சொன்னார். மூளையில ரத்தக் குழாய் வெடிச்சுத்தான் அண்ணன் விழுந்தார், விழுந்ததால வெடிக்கலைன்னார். பக்கத்துல யார் இருந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதாம். நான் உங்ககிட்ட சொல்லலை. சொல்லிடணும்னு தினமும் நினைச்சுக்கிட்டுத்தான் வருவேன். தண்ணி சூடு போதுமான்னு கேட்டுட்டுப் போயிடுவேன்."

"ஏன்?"

"யார் மேலயாவது கோபப்பட வேண்டியிருந்துது. நீங்கதான் இருந்தீங்க."

அதைக் கேட்டால் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கும் என்று யாரும் நினைப்பார்கள். பல்லுக்காரம்மாவுக்கு இறங்கவில்லை.

"காப்பாத்தியிருக்கலாம்னு நான் சொல்லலையே" என்றாள். "பக்கத்துல இருந்திருக்கலாம். தரையில தலை இருந்துது அவருக்கு. என் மடியில இருந்திருக்கலாம். அவர் போகச் சொன்னார்னு நான் அடுப்பை அணைக்கப் போனேன்."

நாத்தனார் கையை நீட்டினாள். கட்டில் உயரமாக இருந்ததால் அது பல்லுக்காரம்மாவின் தோளில்தான் பட்டது. அங்கேயே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை நாத்தனார் காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருக்க, பல்லுக்காரம்மா ஜன்னலோரம் இருந்தாள். குளியலறைக்குள்ளிருந்து குரல் வந்தது. அதே கேள்வி.

அவள் உருட்டிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. குழாய்க்குக் கீழே, தரை சரிந்து போகும் மூலையைப் பார்த்து வண்டியை நிறுத்தினாள்.

"அணைக்கலைங்க" என்றாள். "பால் பொங்கினா பொங்கட்டும். நான் எங்கயும் போகலை. இங்கயேதான் இருக்கேன்."

அவள் வெளியே வந்தபோது நாத்தனார் விழித்துத்தான் இருந்தாள். முகம் வெளிறியிருந்தது. யாரிடம் பேசினீர்கள் என்று கேட்கவில்லை. போர்வையின் ஓரத்தை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

மீதி நாட்களுக்குக் கப்பல்காரர்கள் நாத்தனாருக்கும் ஒரு சக்கர நாற்காலி கொடுத்தார்கள். அந்த அறையில் இரண்டு வண்டிகளும் எதிரெதிரே வந்துவிட்டால் ஒன்று பின்னால் போனால்தான் மற்றது நகரும். முதல் நாள் நாத்தனார் நடைபாதையின் பாதியில் சிக்கிக்கொண்டு, இந்தச் சக்கரம் கோணல் என்றாள்.

"சக்கரம் நேராத்தான் இருக்கு. நீ ஒரு கையால அதிகமாத் தள்ளுறே. துணி நீவுற மாதிரி ரெண்டு கையும் சமமாப் போகணும்" என்றாள் பல்லுக்காரம்மா.

அதற்குப் பிறகு அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். கச்சேரி முடிந்ததும் ஊரே லிஃப்டுக்கு வரும். கடைசிப் பாட்டை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும், இல்லையென்றால் கூட்டம் வடிகிற வரை உட்கார்ந்து பழரசம் குடிக்க வேண்டும். நிற்கும்போதெல்லாம் இரண்டு பிரேக்கும் போட வேண்டும். தரை மட்டமாகத் தெரிந்தாலும் கப்பலில் எந்தத் தரையும் மட்டம் கிடையாது. சூடான எதையும் மடியில் வைத்துக்கொண்டு உருட்டக் கூடாது. உதவிக்கு வருகிறவர்கள் கேட்காமல் கைப்பிடியைப் பிடித்தால், நில்லுங்கள் என்று தயங்காமல் சொல்ல வேண்டும்; வெட்கப்பட்டால் சுவரில் இடிப்பது நம் முட்டிதான். நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். உட்கார்ந்த உயரத்திலிருந்து பார்த்தால் உலகமே மற்றவர்களுடைய சட்டை நுனிதான் என்று கண்டுபிடித்து, "ஒருத்தன் கூட ஒழுங்கா இஸ்திரி போடலை அண்ணி" என்றாள். இந்தத் தடவை பல்லுக்காரம்மா சிரிப்பை விழுங்கவில்லை.

கடைசி நாள் மாலையில் இருவரும் கண்ணாடிக் கதவு வழியாக மேல்தளத்துக்குப் போனார்கள். கடல் ஈயத் தகடு போலக் கிடந்தது. அவர்களைச் சுற்றி ஆட்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் வந்து, இரண்டு பேரையும் சேர்த்து எடுக்கட்டுமா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தார். படத்தில் இரண்டு வண்டிகளுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி இருந்தது. யாரும் அப்படி விட்டு நிறுத்தச் சொல்லவில்லை. நாத்தனார் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டாள்.

ஊர் திரும்பியதும் நாத்தனாரால் தன் வீட்டு மாடிப்படி ஏற முடியவில்லை. கட்டுப் பிரிக்கிற வரைக்கும் அண்ணி வீட்டில் தங்கினாள். நடக்கிறவள் ஒருத்தியும் இல்லாத வீட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரே கொத்தனாரை அனுப்பிக் குளியலறைத் தடுப்பை இடித்துச் சரிவாகப் பூசிக் கொடுத்தார். கட்டுப் பிரித்த பிறகும் நாத்தனார் போகவில்லை. கடைக்கு மட்டும் போய் வந்தாள்.

பல்லுக்காரம்மா பட்டறைக்குப் போகிறாள். காலுக்கு முடியாதவர்கள் யாராவது கப்பலில் போக வேண்டும் என்றால், கேள்விப்பட்டு அவளுக்குப் போன் செய்கிறார்கள். கதவு அகலத்தை அளக்கச் சொல்லுங்கள், எந்தெந்த ஊரில் படகு என்று கேட்டு வையுங்கள், மருந்து மடியில் இருக்கட்டும் என்று பொறுமையாகச் சொல்கிறாள். அந்தக் கப்பலில் எப்படி இருந்தது என்று கேட்டால், நடு அறை நன்றாக இருக்கும் என்கிறாள்.

காலையில் அவள் குளியலறைக்கு யார் துணையும் இல்லாமல் தானே போய்க்கொள்கிறாள். உள்ளே தண்ணீர் விழும் சத்தத்தோடு பேச்சுச் சத்தமும் வருகிறது. அழுகையோ புலம்பலோ இல்லை. பட்டறையில் நடந்தது, மேல் வீட்டுக்காரருடைய புது வண்டி, நேற்றைய மழை என்று சாதாரணப் பேச்சு. நடுநடுவே, பதிலுக்குக் காத்திருப்பதுபோல நிறுத்துகிறாள். கூடத்தில் நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் அவள் ரேடியோ வைப்பதில்லை, கூப்பிடுவதில்லை, அடுப்பும் மூட்டுவதில்லை. பேச்சு அடங்கி, சக்கரம் திரும்பும் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்துபோய், "அண்ணி, டீ போடட்டுமா?" என்று குரல் கொடுக்கிறாள்.